நான்காவது தகுதி

வளப்பூர் நாடு, கொல்லிமலை
14-9-1943

அன்புள்ள அக்காவுக்குச் சாமியப்பன் வணக்கம்.

நான் நலம். மலைக் குளிருக்கு மூக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்லூரி மாடிப்படியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவேன், நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

உணவு உற்பத்திப் பிரசாரத்தின் தற்காலிகப் பேச்சாளனாக இங்கே ஏறி வந்து ஐந்து வாரமாகிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. சுவரொட்டிக் கட்டைச் சுமந்து வந்தவர் கருப்பண்ணன் என்கிற மலைக்காரர். இந்தக் கடிதத்தையும் அவர்தான் சந்தை நாளில் நம் பேளுக்குறிச்சிக்கு இறங்கித் தபாலில் சேர்க்கவேண்டும். ஆகவே பதில் தாமதமானால் கோபிக்காதீர்கள்.

தங்கியிருப்பது ஊர்ப் பெரியவர் காளியண்ணன் வீட்டில். அவர் மனைவி அத்தாயி, மகள் சின்னக்கண்ணு. என் முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். சுவரொட்டியில் ஒரு விவசாயி பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு சிரிக்கிறான். காளியண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இவன் கொத்தறதுக்குப் போறானா, கண்ணாலத்துக்குப் போறானா?" என்று கேட்டார். அதோடு என் கூட்டம் முடிந்தது.

விஷயம் இதுதான். பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பொதுஜனத் தொடர்பு உதவியாளர் வேலை, நிரந்தரம். நான்கு தகுதிகள் கேட்கிறார்கள். பட்டம் இருக்கவேண்டும். தமிழிலும் இன்னொரு பாஷையிலும் கூட்டத்தில் பேசத் தெரியவேண்டும். பத்திரிகைக்கு இங்கிலீஷில் செய்திக்குறிப்பு எழுத வேண்டும். நான்காவதுதான் புதிது: 'பொதுஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றதற்கான அத்தாட்சி, அறிக்கை வடிவில், மேலதிகாரியின் சான்றுடன்.' முதல் மூன்றை நீங்கள் படிக்கவைத்ததால் பெற்றேன். நான்காவதற்கு என்ன எழுதுவது?

எனக்கு இருபத்தொன்பது வயதாகிவிட்டது அக்கா. தற்காலிகம் என்ற சொல்லோடு நான்கு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன்.

மழையில் நனையாதீர்கள்.

உங்கள் தம்பி,
சாமியப்பன்

*

சென்னை
30-9-1943

அன்புள்ள சாமியப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தன் வழக்கப்படி இருக்கிறது. நீ மூக்கைச் சொன்னாய், காய்ச்சலைச் சொல்லவில்லை. மலைக்காய்ச்சல் வந்தால் மறைக்காமல் எழுது. கொயினா மாத்திரை அனுப்பியிருக்கிறேன்.

விளம்பரத்தை இரண்டுமுறை படித்தேன். நம்பிக்கையைப் பெறுவது ஒரு தகுதி என்றும், அதற்கு அத்தாட்சி உண்டு என்றும் ஓர் அலுவலகம் நினைப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நம்மை நம்புகிறவனிடம் கையெழுத்து வாங்கவேண்டிய அவசியம் வராது. ஆனால் நான் சிரிப்பதால் உனக்கு வேலை கிடைக்காது. அதனால் இருபது வருஷமாக மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எத்தனை கூட்டம் போட்டாய், எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதாதே. எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். சும்மா கூட்டத்துக்கு எவனும் வருவான். அந்த மக்கள் வேறு எவரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அது ஓர் எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அதிகாரிகள் எண்ணைத்தான் படிப்பார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் எனக்கு அனுப்பு, இங்கிலீஷில் எழுதித் தருகிறேன்.

வெந்நீர் குடி.

அக்கா,
ராசாமணி

*

வளப்பூர் நாடு
9-11-1943

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

பட்டணத்தில் மழைக்குக் கூவம் பெருகி வீடுகள் இடிந்ததாகச் சந்தையில் கேள்விப்பட்டு வந்து கருப்பண்ணன் சொன்னார். நீங்கள் இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா? ஒரு கார்டாவது போடுங்கள். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தது, போய்விட்டது. மறைக்கவில்லை பாருங்கள்.

நீங்கள் சொன்னது கிடைத்துவிட்டது!

இங்கே ஒவ்வொரு வீட்டிலும் மூங்கில் பின்னி மண் பூசிய தொம்பை ஒன்று இருக்கும். சாமையும் ராகியும் அதில்தான். தொம்பைக்குள் எத்தனை வள்ளம் தானியம் இருக்கிறது என்று எவரிடமும் சொல்லமாட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் மூன்று வருஷமாக வெறுங்கையோடு இறங்கிப் போயிருக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்ததும் காளியண்ணனிடம் நேராகவே கேட்டுவிட்டேன், "உங்கள் தொம்பையில் எத்தனை வள்ளம் இருக்கும்?" என்று. அவர் என்னைப் பார்த்தார், அத்தாயியைப் பார்த்தார். அத்தாயி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு காளியண்ணன், "எம்பதுங்க" என்றார். மறுநாள் அடுத்த வீட்டில் கேட்டேன், சொன்னார்கள். ஒரே வாரத்தில் முப்பத்தொரு வீடும் சொல்லிவிட்டது. ஒருவர்கூட மறுக்கவில்லை.

வீட்டுவாரியாகப் பட்டியலும் ஏழு பக்க வரைவும் இத்துடன் இருக்கின்றன. தயவுசெய்து சீக்கிரம் திருத்தி அனுப்புங்கள்.

இப்போதெல்லாம் எனக்குச் சோறு பரிமாறுவது அத்தாயிதான். சின்னக்கண்ணு முன்னால் வருவதில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

உங்கள் தம்பி,
சாமியப்பன்

*

சென்னை
22-11-1943

அன்புள்ள சாமியப்பனுக்கு,

தெருமுனை வரை தண்ணீர் வந்து நின்றுவிட்டது. கல்லூரிக்குப் பத்து நாள் விடுமுறை விட்டார்கள். நான் சுகம். உனக்குக் காய்ச்சல் திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்.

ஏழு பக்கத்தை மூன்றாக்கியிருக்கிறேன். மலையின் அழகைப் பற்றி நீ எழுதியதெல்லாம் போய்விட்டது, வருந்தாதே. முதல் பத்தியிலேயே முப்பத்தொரு வீடு, மொத்த வள்ளம், மூன்று வருஷமாகக் கிடைக்காத தகவல் என்று வைத்துவிட்டேன். பட்டியல் பின்னால் இணைப்பாக இருக்கிறது. படிக்கிறவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு குறை. அவர்கள் ஏன் உன்னிடம் சொன்னார்கள் என்பதை நீ எங்கும் எழுதவில்லை. ஐந்து வாரத்தில் சிரித்து விரட்டியவர்கள் பத்தாவது வாரத்தில் தொம்பையைத் திறந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். காரணம் இருக்கவேண்டிய இடத்தில் இப்போதைக்கு 'நம்பிக்கை' என்று நான் போட்டிருக்கிறேன். வேறு காரணம் இருந்தால் அதை எழுதிவிட்டு அனுப்பு.

அத்தாயி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா,
ராசாமணி

*

மதுரை
4-2-1944

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களுக்குக் கண் பரிசோதனை செய்யவேண்டும் என்றீர்களே, செய்தீர்களா?

வேலை கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். உத்தரவு கையில் வந்த பிறகுதான் எழுதவேண்டும் என்று இருந்தேன். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பட்டத்தையும் பாஷையையும் ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் இருந்தவர் அறிக்கையின் முதல் பக்கத்தில் முப்பத்தொரு வீடு என்ற வரியைத் தட்டி, "இதைத்தான் தொடர்பு என்கிறோம்" என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்த வரி உங்களுடையது. அறிக்கையின் நகல் ஒன்று வேறு பிரிவுக்கும் போயிருக்கிறதாம். நல்லதுதானே.

மலையைவிட்டு இறங்கிய அன்று ஒரு குடுவைத் தேனும் புது வேட்டியும் கொடுத்தார்கள். ஊர் முழுக்கப் பாதிவழி வரை கூட வந்தது. மலைக்காரர்களின் உபசாரத்தை என்ன சொல்வது! தேனில் பாதி உங்களுக்கு அனுப்புகிறேன்.

என் ஆயுளில் முதல்முறையாக என் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிக' என்ற சொல் இல்லை. எல்லாம் உங்களால்.

உங்கள் தம்பி,
சாமியப்பன்

*

சென்னை
15-2-1944

அன்புள்ள சாமியப்பனுக்கு,

சந்தோஷம். கண்ணாடி மாற்றியிருக்கிறேன். தேன் உடையாமல் வந்தது.

ஒன்று கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. அவர்கள் ஏன் சொன்னார்கள்? இப்போது இரண்டாவதாகவும் ஒன்று கேட்கிறேன். வேறு பிரிவு என்றால் எது? தானியக் கொள்முதலா? அந்தப் பட்டியல் அங்கே போகும் என்று அந்த மக்களுக்குத் தெரியுமா?

மதுரையில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அக்கா,
ராசாமணி

*

மதுரை
28-3-1944

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நலம். ஓயாத வேலை. அதனால்தான் எழுதவில்லை, வேறொன்றுமில்லை.

இத்துடன் ஒரு செய்திக்குறிப்பு வைத்திருக்கிறேன். 'கொல்லிமலை மக்கள் மகிழ்ச்சியுடன் அளித்த தானியம்' என்பது தலைப்பு. மேலதிகாரி எனக்கென்றே தந்த வேலை; அந்த மலையை அறிந்தவன் நான் ஒருவன்தானாம். என் இங்கிலீஷ் இன்னும் உங்களுடையது போல வரவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் பார்த்துத் திருத்தி அனுப்பினால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

கேட்டதற்கெல்லாம் விவரமாகப் பிறகு எழுதுகிறேன். வெயிலில் அலையாதீர்கள்.

சாமியப்பன்

*

பேளுக்குறிச்சிச் சந்தை
8-4-1944

பட்டணத்து ராசாமணி அம்மணிக்கு, வளப்பூர் நாட்டுக் காளியண்ணன் கும்புடு சொல்லிக்கறேனுங்க.

இதை எழுதறது சந்தையில காயிதம் எழுதற குப்புசாமி. நான் சொல்றதை ஒரு சொல்லு மாத்தாம எழுதோணும்னு சொல்லியிருக்கறேன். நாங்க எல்லாரும் சொகந்தானுங்க. அம்மணியும் தம்பியும் சொகமா இருக்க அறப்பளீசுரன் துணை. தம்பி உட்டுட்டுப் போன ஒறை ஒண்ணைக் கருப்பண்ணன் வெச்சிருந்தான். அதுல உங்க விலாசம் இருந்துதுங்க.

ஐப்பசியில தம்பி எங்க தொம்பையைக் கேட்டாரு. எங்க மலையில பொண்ணு கேக்க வாரவங்களைத் தவுர வேற ஒருத்தரும் அடுத்தவன் தொம்பையில எத்தனை வள்ளம்னு கேக்கமாட்டாங்க. தம்பி எங்க ஊட்டுல ரெண்டு மாசம் சோறு தின்னவரு, மொறை தெரிஞ்சுதான் கேக்கறாருன்னு நெனச்சோம். நாங்களும் உங்களாட்டம் வெள்ளாளருதான், காஞ்சிப் பக்கமிருந்து வந்தவங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. கீழ்நாட்டுல அதை ஆரும் ஒத்துக்கறதில்லீங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு அத்தாயி அன்னைக்கு அழுதுட்டா.

பொண்ணு கேட்டா உள்ளபடி சொல்றது வழக்கமில்லீங்க. நாப்பது இருந்தா எம்பதுன்னு சொல்லுவோம். கேக்கறவங்களுக்கும் அது தெரியும், மனசுக்குள்ள பாதியாக் கழிச்சுக்குவாங்க. ஊர்ப்பொண்ணு பாருங்க, அதனால மத்த ஊட்டுக்காரங்களும் அப்படியே கூட்டிச் சொன்னாங்க. கொறைச்சுச் சொன்னா இந்த ஊருக்கா பொண்ணு கேட்டு வந்தோம்னு நீங்க நெனச்சிரக் கூடாதில்லீங்களா?

மாசியில கொள்முதல்காரங்க வந்தாங்க. கையில காயிதம். ஊடு ஊடாப் பேரும் வள்ளமும் இருந்துது. சொன்னதுல பாதி சர்க்காருக்குன்னாங்க. "இருக்கறதே பாதிதாம்ப்பா, வாயைத் தொறந்து சொல்லு"ன்னு கருப்பண்ணன் சத்தம் போட்டான். எப்படிங்க சொல்றது? நீங்களாக் கழிச்சுக்கலாம். நாங்களே வாயால கொறைச்சா, சம்பந்தம் பேசின ஊட்டுக்குப் பொய் சொன்னவன்னு ஆயிரும். அளந்து குடுத்துட்டோம். முப்பத்தொரு ஊட்டுலயும் அப்படித்தான். வெதைக்கு வெச்சதும் அதுல போச்சு.

அதை நான் கொறையாச் சொல்லலீங்க. மாப்பிள்ளை வேட்டி வாங்கிட்டுப் போனவரு திரும்பி வரலை, அதுதான். மலையில அடுத்த நாட்டுலிருந்து வந்து சின்னக்கண்ணுவைக் கேட்டாங்க, பேச்சுக் குடுத்தாச்சுன்னு அனுப்பிட்டோம். ஊட்டுக்குப் பெரியவங்க அக்காதான்னு தம்பி சொல்லியிருக்கறாரு. நீங்க வந்து தொம்பையில கை வெச்சுப் பேசி முடிக்கோணும். வைகாசி வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்போம். தொம்பை காலியா இருக்குமோன்னு ரோசனை வேண்டாமுங்க. நீங்க வாரப்போ நெறச்சு வெச்சிருப்போம்.

இப்படிக்கு,
காளியண்ணன் கைநாட்டு

*

சென்னை
17-4-1944

சாமியப்பனுக்கு,

நான் நலம். காளியண்ணன் எனக்கு எழுதிய கடிதத்தை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூலத்தை உனக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

உன் செய்திக்குறிப்பைத் திருத்தவில்லை. 'மகிழ்ச்சியுடன்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். தொம்பையைக் கேட்பதன் அர்த்தம் உனக்கு எப்போது தெரிந்தது? 'தெரியாது' என்று எழுதினால் நம்புவேன். ஆகையால் யோசித்து எழுது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். வேறு எவரிடமும் சொல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கு என்று சொன்னவள் நான். எண்ணாக இருக்கட்டும் என்றவளும் நான். ஏன் சொன்னார்கள் என்பது தெரியாமலேயே அந்த இடத்தை ஒரு நல்ல சொல்லால் மூடியவளும் நான்தான். என் மாணவி ஒருத்தி அப்படிச் செய்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். தம்பிக்கு வேலை வரட்டும் என்று பேசாமல் இருந்தேன். அந்த அறிக்கையில் எண்களைத் தவிர உன் சொல் ஒன்றுகூட இல்லை.

அந்த வேட்டியை எனக்கு அனுப்பு.

ராசாமணி

*

மதுரை
9-5-1944

அக்கா,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கேட்டபோது தெரியாது. அது சத்தியம். மறுநாள் காலையில் தெரியும். சுனையில் குளிக்கப் போனேன். கருப்பண்ணன் அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை, தண்ணி சில்லுனு இருக்குது. கண்ணாலத்துக்கு முன்னால சளி புடிச்சுக்காதீங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபோதே புரிந்துவிட்டது.

அன்றே காளியண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் முகம் கறுத்திருக்கும், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார், சரியாகியிருக்கும். ஆனால் அப்போது கையில் ஒரே ஒரு வீட்டு எண்தான் இருந்தது. இன்னும் முப்பது வீடு பாக்கி. அவர்கள் என்னை மாப்பிள்ளை என்று நினைக்கிறவரையில் சொல்வார்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வெல்லம் கொடுத்து உட்காரவைத்தார்கள். நான் வெல்லத்தைத் தின்று எண்ணை எழுதிக்கொண்டேன். பட்டியல் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அறிக்கை போகட்டும் என்று நினைத்தேன். பிறகு உத்தரவு வரட்டும் என்று.

பாதி பொய் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் கருப்பண்ணன் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கொள்முதலுக்குப் போகும் என்று அதிகாரி ஜனவரியிலேயே சொன்னார். உங்களுக்கு 'வேறு பிரிவு' என்று எழுதினேன்.

நீங்கள்தான் எண்ணைக் கேட்டீர்கள் என்று இந்தக் கடிதத்தின் முதல் வரைவில் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். ஆனால் எழுதினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சின்னக்கண்ணுவோடு நான் பேசியது மொத்தம் மூன்று தடவை இருக்கும். சுவரொட்டியில் இருப்பவனுக்கு ஏன் உடம்பில் வேர்வை இல்லை என்று ஒருமுறை கேட்டாள். அவளைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

வேட்டியைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை கட்டிவிட்டேன். வேலையில் சேர்ந்த அன்று. சலவைக்குப் போட்டிருக்கிறேன்.

நான் போகவேண்டும் என்று சொன்னால் போகிறேன். என்னால் முடியாது என்றுதான் தோன்றுகிறது.

சாமியப்பன்

*

பேளுக்குறிச்சி
8-6-1944

சாமியப்பனுக்கு,

நேற்று இறங்கி வந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

புறப்படும் முன் உன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். அறிக்கையை எழுதியது நான் என்றும், அதிலுள்ள எண்கள் தவறான எண்ணத்தில் சொல்லப்பட்டவை, உண்மையில் பாதியும் இராது என்றும், விதைத் தானியத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதினேன். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை. இதுவரை பதில் இல்லை.

சந்தையில் சொல்லிவைத்து இரண்டு மூட்டை விதை ராகி வாங்கி ஆள்வைத்து ஏற்றினேன். காரவள்ளியிலிருந்து காலையில் புறப்பட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து, வெயில் சாய்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர் எல்லையிலேயே கருப்பண்ணன் நின்றார். மூட்டையைப் பிரித்துக் கையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். "கீழ்நாட்டு ராயிங்க. இங்க மொளைக்காது. திங்கறதுக்கு ஆவும்" என்றார். மழை ஒரு தடவை பெய்திருந்தது. உழுத காடுகள் சும்மா கிடந்தன. வீட்டு வாசல்களில் பலாக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக அதுதான் சாப்பாடு என்று கருப்பண்ணன் சொன்னார். ஏழெட்டு வீடுகள் பூட்டியிருந்தன. கூலிக்குக் கீழே இறங்கிவிட்டார்களாம்.

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரும்புவது என்று பாதையெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். என்னைச் சொல்ல விடவில்லை. வீட்டுக்குப் புதுச் சாணம் மெழுகியிருந்தது. ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். பெண் கேட்டு வருகிற வீட்டின் மூத்தவள் தண்ணீர் குடிக்கும் முன் தொம்பையில் கை வைக்கவேண்டுமாம். அத்தாயி என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

தொம்பை விளிம்பு வரை சாமை தெரிந்தது. கையை விட்டேன். நாலு விரல் ஆழத்துக்குச் சாமை. அதற்குக் கீழே முழங்கை வரைக்கும் வைக்கோல். அந்த நாலு விரல் சாமையும் எத்தனை வீட்டிலிருந்து சேர்த்ததோ. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தாயி மட்டும் தரையைப் பார்த்தார்.

"நெறைய இருக்குதுங்க" என்றேன்.

கையை வெளியே எடுத்த பிறகு, உட்கார்ந்துதான் சொன்னேன். என் தம்பி பெண் கேட்கவில்லை. முறை தெரியாமல் கேட்டான். தெரிந்த பிறகும் தெரியாதவன் போல இருந்தான். அவனை அப்படிக் கேட்கத் தூண்டியது நான். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வேட்டியை வைத்தேன்.

கருப்பண்ணன் மட்டும் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னார். காளியண்ணன் அவரைக் கையமர்த்தினார். பிறகு அத்தாயி கேட்டார்.

"பொண்ணுக்கில்லைன்னா அந்தத் தம்பி எதுக்குங்க அம்மணி கேட்டாரு?"

எனக்கு இரண்டு பாஷை தெரியும். அந்தக் கேள்விக்கு ஒன்றிலும் நல்ல சொல் இல்லை. "உத்தியோகத்துக்கு" என்றேன்.

"தொம்பையைக் கேட்டா உத்தியோகம் குடுப்பாங்களா?"

"நீங்கள் அவனை நம்பினீர்கள் என்று காட்டினால் கொடுப்பார்கள்."

"கெடைச்சுதுங்களா?"

"கிடைத்தது."

"செரி" என்றார் அத்தாயி. கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்பது போலச் சொன்னார். காளியண்ணன் எழுந்து வேட்டியை எடுத்து, உதறி, மடித்து, கொடியில் போட்டார். அடுத்த நாட்டாருக்கு இனிச் சொல்லி அனுப்பிப் பயனில்லை என்று முணுமுணுத்தார். அவர்கள் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்களாம்.

அப்போதுதான் சின்னக்கண்ணு உள்ளிருந்து வந்தாள். நான் நினைத்ததைவிட உயரம். என்னை நேராகப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கேட்கும்படி, தன் தாயிடம் சொன்னாள்:

"அம்மா, அவங்க கையெல்லாம் வைக்கோலு ஒட்டியிருக்குது பாரு. தண்ணி ஊத்து."

அத்தாயி அசையவில்லை. சின்னக்கண்ணுவே செம்பை எடுத்து வந்து ஊற்றினாள். நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ராசாமணி